நூற்று அறுபதும் ஒன்றுபோல்

"நெவென்கா, நீங்க காப்பியடிச்சிருக்கீங்க!"

டாக்டர் ஸ்வோனிமிர் இரண்டு தாள்களையும் மேஜைமேல் அறைந்தார். பரிசோதனைக்கூடத்தில் நாங்கள் ஆறு பேரும் வேலையை விட்டுத் திரும்பினோம்.

விஷயம் இதுதான். ரத்தத்தில் நோயை எதிர்க்கும் புரதத்தில் நாலு உள்வகை உண்டு. ஒன்று குறைந்தாலும் சில குழந்தைகள் மாசத்துக்கு ஒருமுறை காதுவலி, நெஞ்சுச்சளி என்று வந்து நிற்கும்.

அந்த நாலையும் நெவென்கா அக்கா பழைய முறையில் அளப்பார். ஜெல் தட்டில் துளை போட்டு ஒரு சொட்டு விடுவார். இரண்டு மூன்று நாளில் சுற்றி ஒரு வளையம் விரியும். அதை லென்ஸ் வைத்து அளந்து கணக்குப் போடுவார்.

புதிதாக வந்த மெஷின் அதை அரை மணியில் சொல்லிவிடும். மெஷினை ஓட்டி, அது காட்டும் எண்களைத் தாளில் எழுதுவது என் பொறுப்பு.

இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, நாற்பது பேர் ரத்தத்தை இரண்டு வழியிலும் அளக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது.

"நாற்பது பேர், ஆளுக்கு நாலு, நூத்தி அறுபது எண். ஒண்ணுகூட மாறலை! ஒரே மெஷின்ல ரெண்டு தடவை ஓட்டினாலே முன்னே பின்னே வரும். உங்க லென்ஸுக்கு மட்டும் அருள் இறங்கிடுச்சா?"

"இறங்கியிருக்கும் டாக்டர். ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறேனே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"விளையாடாதீங்க! பத்து மணிக்கு எல்லாரும் மரெண்டா பலகாரம் சாப்பிடக் கீழே போறோம். அப்ப இங்க யாரு இருந்தது?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நான்தான். வறுத்த மத்தி எனக்கு ஒத்துக்காது. பொழுது போகலை, மெஷின் தாளை எட்டிப் பார்த்தேன்."

"நேத்து என் தட்டுலேருந்தும் எடுத்துத் தின்னாளே!" என்று பக்கத்தில் நின்ற பிராங்கா என் காதில் முணுமுணுத்தாள்.

நான் தரையைப் பார்த்தேன். பொய் சொன்னால் நான் படித்த கன்னியர் பள்ளியில் முட்டி போட வைப்பார்கள். இங்கே வேலையே போய்விடும். என் ஒப்பந்தமோ ஜூனில் முடிகிறது. வீட்டில் கைக்குழந்தை.

"முப்பது வருஷ அனுபவம்! வெட்கமா இல்லை? எந்தக் குழந்தைக்கு மாசாமாசம் மருந்து ஏத்தணும்னு இதை வெச்சுத்தானே முடிவு பண்ணப் போறோம்?"

"அதான் சொல்றேன் டாக்டர். ரெண்டு தாளையும் கிழிச்சுப் போடுங்க. புதுசா ரத்தம் எடுத்து முதல்லேருந்து ஆரம்பிங்க. வளையத்தை வேற யாராவது அளக்கட்டும்."

"மெஷின் தாளை எதுக்குக் கிழிக்கணும்? மெஷின் பொய் சொல்லாது!"

"சத்தியமா சொல்லாது. ஆனா ஜோடி இல்லாம ஒத்தைத் தாளை வெச்சு எதை ஒப்பிடுவீங்க?"

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் கிழித்தார்.

"திங்கட்கிழமையிலேருந்து நீங்க மூத்திரப் பரிசோதனைக்குப் போங்க!"

"ரொம்ப நல்லது. அங்க ஜன்னல்லேருந்து துறைமுகம் தெரியும்."

டாக்டர் கதவைச் சாத்திய சத்தத்தில் குழாய்கள் அதிர்ந்தன. எல்லோரும் கலைந்தார்கள். அக்கா மட்டும் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"டிஹானா, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுதா?"

"விட்டுது அக்கா."

"சரி, திங்கட்கிழமை ஒழுங்கா வேலையைப் பாரு." குனிந்து என் காதருகே வந்தார்.

"மெஷினையே ஓட்டாம என் தாளைப் பார்த்து எழுதறவ, ரெண்டு எண்ணையாவது மாத்திப் போடக்கூடாதா, அசடே!"