விசாலம்

கானா நாட்டின் அசாந்தி மண்ணில், குமாசி நகரில் பத்தடிக்குப் பத்தடி அறை அது. அங்கே தனியே வாழ்ந்த தாய் துஃபியே மூன்று வாரமாக மருத்துவமனையில் கிடக்க, மகள் செர்வாவும் மகன் அஜேயும் அறையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தனர்.

“வெள்ளையே அடிடா. அப்பத்தான் ரூம் பெருசாத் தெரியும். அந்தப் பூத அலமாரியத் தூக்கி வெளில போடு.”

“அம்மா அதத் தொடவே விடமாட்டாளே, அக்கா?”

“நான் பாத்துக்கறேன். நீ தூக்கு.”

இருபது ஆண்டுகளாகத் துஃபியே கெஞ்சிய கூரைத் தகரம் ஒரே நாளில் ஏறிற்று. எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி நின்றது. சன்னலில் சரிகைத் திரை மின்னிற்று.

அண்டை வீட்டு அம்போஃபோ மூக்கின்மேல் விரல் வைத்தாள். “அடியே, இது ரூமா, அரண்மனையா? அம்பது பேர் சுத்தி வரலாம் போலிருக்கே!”

“வரத்தானே போறாங்க, அத்தை!” என்று சிரித்தாள் செர்வா.

வியாழனன்று வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. மருத்துவர்கள் கைவிட்டிருந்த துஃபியே, பிழைத்தெழுந்து, தன் காலாலேயே நடந்து வந்தாள். அறையைக் கண்டதும் அவள் கண்கள் நிறைந்தன.

“ஆண்டவரே! நான் உசுரோட இருக்கும்போதே என் புள்ளைங்க செஞ்சிட்டாங்களே!”

துஃபியே அமர இடம் தேடினாள். அறை நடுவே பளபளக்கும் பித்தளைக் கட்டில் ஒன்றே இருந்தது. அதைப் பற்ற நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. எங்கள் அசாந்தி மண்ணில் உயிருள்ளோர் அதில் படுப்பதில்லை. அடக்கம் நடக்கும் சனிக்கிழமையன்று பட்டுடுத்திய சடலத்தைக் கிடத்தி, ஊரார் வலம்வந்து காண்பதற்கென்றே அமைந்த கட்டில் அது.

“என் அடக்கம் எந்தச் சனிக்கிழமை?” என்று மெல்லக் கேட்டாள்.

செர்வாவின் குரலில் வெட்கமில்லை, எரிச்சலே இருந்தது.

“இந்த மாசக் கடைசி. ஊருக்கெல்லாம் சொல்லியாச்சும்மா.”