கொதி வந்த பிறகு

காலையில் ஸ்டவ்வைப் பற்றவைக்கிறேன். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடி சிரிஞ்சையும் ஊசிகளையும் போட்டு மூடுகிறேன். ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கொஞ்ச நாளில் காமாலை ஏன் வருகிறது என்று ஆராய, பொன்னேரிக்கு வெளியே இந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறேன். என் மனைவி அந்தக் காமாலையில்தான் போனாள். தண்ணீர் கொதிக்கிறது. மூடி தடதடக்கிறது. ஜன்னல் வெயிலில் ஆவி வெள்ளையாக நிற்கிறது. பெஞ்சில் காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கும் கெங்கம்மாள் பழவேற்காட்டிலிருந்து வந்தவள். மீன்கூடை காலடியில் இருக்கிறது.

"இன்னா நைனா, முட்டையா வேவுது? அதான் கொதிச்சிடுச்சே, எறக்கு. பஸ்சு பூடும்."

"கொதி வந்த பிறகும் இருபது நிமிஷம் வேகணும்மா. இல்லேன்னா அடுத்தவங்க நோவு உங்களுக்கு வந்துடும்."

"படிச்சவன்னா பேஜாருதான்" என்று அவள் முந்தானையால் விசிறிக்கொள்கிறாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன். மூடி தடதடத்துக்கொண்டே இருக்கிறது. 'அவரைப் பாத்துக்கோம்மா' என்பதுதான் மகளின் கடைசிப் பேச்சு என்று என் மாமியார் எல்லோரிடமும் சொல்கிறார். அது இல்லை. அவள் போன அன்று வார்டிலும் நர்ஸ் ஊசிகளைக் கொதிக்கவைத்திருந்தாள். நினைவு தப்பிக்கொண்டிருந்த என் மனைவி அந்தச் சத்தத்தை வீட்டு அடுப்பென்று நினைத்து, மஞ்சள் கண்களைத் திறந்தாள்.

"தண்ணி கொதிச்சிடுச்சி, எறக்கிடுங்க."