காக்கா வரும் அத்தியாயம்

“அடைக்கலம் சார் இந்த நாவலைப் படிக்கவே இல்லைங்கிறதுக்கு எங்கிட்ட ஆதாரம் இருக்கு டீச்சர்!”

கீரனூரில் திருச்சி பஸ் ஏறி உட்கார்ந்ததுமே ஆவுடையப்பன் ஆரம்பித்துவிட்டார். ரயில்வே ஆபீஸ் கிளார்க். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தால்தான் அவருக்குக் காலைக் காப்பி செரிக்கும்.

‘செவ்வாய் மழை’ என்ற அந்த நாவலை, தினமும் இதே பஸ்ஸில் போகும் மூன்று பேர் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வாரம். முதலில் அடைக்கலம், அடுத்து ஆவுடையப்பன், இப்போது சொர்ணவல்லி டீச்சர்.

“என்ன ஆதாரம்?” என்றார் டீச்சர்.

“எங்கிட்ட வந்தப்போ தாளெல்லாம் ஓரம் வெட்டாம ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. அஞ்சு அத்தியாயம் வரைக்கும் நான்தான் பிளேடு வச்சுக் கிழிச்சேன். ஆனா அவரு ஒரு வாரமா ‘ஆகா, பிரமாதம்’கிறாரு! இன்னிக்கு நாலு பேர் முன்னாடி மாட்டி வைக்கிறேன் பாருங்க.”

“விடுங்க பாவம். நாள் முழுக்க ஜவுளிக்கடையில ரவிக்கைத்துணி கிழிச்சிக்கிட்டு நிக்கிறவரு. இந்த பஸ்லதான் மனுசன் நாலு வார்த்தை பேசுறாரு.”

அதற்குள் அடைக்கலம் ஓடிவந்து ஏறிவிட்டார். மூச்சு வாங்க உட்கார்ந்து, “டீச்சர், நாவல் எப்படி இருக்கு?” என்றார்.

“மூணு அத்தியாயம்தான் படிச்சிருக்கேன். மழை செவ்வாய்க்கிழமை மட்டும்தான் பெய்யணும்னு முனிசிபாலிட்டியில தீர்மானம் போடுறாங்க. அது தெரியாம வெள்ளிக்கிழமை பெஞ்ச மழையைப் பிடிச்சுக் குடத்துல அடைச்சு லாக்கப்புல வைக்கிறாங்க. முதல்ல ஒண்ணும் புரியலை. அப்புறம் எங்க ஸ்கூல் இன்ஸ்பெக்டர் ஞாபகம் வந்துச்சு. சிரிப்பை அடக்க முடியலை.”

“எனக்குச் சிரிப்பே வரலை. எங்க ஆபீஸ்ல தினம் நடக்கிறதுதானே?” என்றார் ஆவுடையப்பன்.

“ஆகா! அந்தக் குடம்! பிரமாதம்!” என்றார் அடைக்கலம்.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதைவிட, அந்தக் காக்கா கோர்ட்டுல சாட்சி சொல்ல வருதே, அந்த இடம் எப்படி?”

“அதை ஏன் கேக்குறீங்க! சத்தியம் பண்ணச் சொன்னதும், எந்தக் காலைத் தூக்குறதுன்னு தெரியாம ரெண்டையும் தூக்கிட்டுக் கூண்டுக்குள்ள பொத்துன்னு விழுது பாருங்க!”

பக்கத்து ஸீட்டுக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. “அடைக்கலம் சார், இந்த நாவல்ல காக்காயே கிடையாது. நான் இப்பத்தான் இட்டுக்கட்டினேன்.”



அடைக்கலத்தின் முகம் சுண்டிப்போனது. துண்டை எடுத்து வேர்க்காத கழுத்தைத் துடைத்தார்.

“இருக்குங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

தொப்பி வைத்த பெரியவர் ஒருவர். மடியில் துணிப்பை. புதுக்கோட்டையிலிருந்தே வருகிறார் போலிருந்தது.

“என்ன பாய் இருக்கு?” என்றார் ஆவுடையப்பன்.

“காக்கா இருக்கு. கடைசி அத்தியாயத்துல வருது. நீங்க இன்னும் அஞ்சைத் தாண்டலையில்ல?”

“நான் இட்டுக்கட்டின காக்கா அதுல எப்படிங்க வரும்?”

“ஒங்களுக்கும் எழுதுனவருக்கும் ஒரே மாதிரி மூளையா இருக்கும்போல.”

திட்டா, பாராட்டா என்று ஆவுடையப்பனுக்குப் புரியவில்லை.

அடைக்கலத்துக்கு உயிர் வந்துவிட்டது. “நான் எப்பவும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதல்ல படிப்பேன்!”

“தாளு ஒட்டியிருந்துச்சே?”

“இடுக்கை லேசா விரிச்சு எட்டிப் பார்த்தேன்.”

டீச்சர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புத்தகம் அவர் வீட்டில் இருந்தது. உடனே எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. மாத்தூர் தாண்டுவதற்குள் அடைக்கலம் காக்காயின் குறுக்கு விசாரணையையும் சொல்லி முடித்தார். பஸ்ஸே குலுங்கியது. ஆவுடையப்பன் மட்டும் உர்ரென்று வந்தார்.

திருச்சி வந்தது. அடைக்கலம் பெரியவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். டீச்சரோடு இறங்கிப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் விடவில்லை. பெரியவர் பின்னாலேயே போனார். “பாய், நில்லுங்க. நீங்களும் அந்த நாவலைப் படிக்கலை. இந்த வயசுல இப்படிப் பொய் சொல்லலாமா?”

“படிக்கலைதாங்க” என்றார் பெரியவர் சிரித்துக்கொண்டே. “அச்சுல வந்தப்புறம் தொடவே பயமா இருக்கு.”

ஆவுடையப்பன் முழித்தார்.

அதற்குள் மை படிந்த சட்டையோடு ஒருவர் வேகமாக வந்து, பெரியவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

“வாங்க கிபாயத்துல்லா பாய்! ‘செவ்வாய் மழை’ அத்தனையும் வித்துப்போச்சு. ரெண்டாம் பதிப்புக்கு இன்னிக்கே அச்சுக் கோக்கணும். புனைபெயரு அதேதானே? கதையில ஏதாச்சும் மாத்தணுமா?”



“ஒண்ணே ஒண்ணுதான்” என்றார் பெரியவர். “கடைசி அத்தியாயத்துல ஒரு காக்காயைச் சேர்க்கணும். ஒருத்தரு அதை ஏற்கெனவே படிச்சிட்டாரு.”