மச்சினன்தான் கொலைகாரன்

“மச்சினன்தான் கொலைகாரன்னு பாதியிலேயே சொன்னேன். கடைசியில அதே ஆசாமி! இதுக்குப் பேரு மர்ம நாவலா?” பெரியவர் புத்தகத்தை மேஜையில் வைத்தார்.

நூலகர் குழம்பினார். தான் படித்தபோது கொலை செய்தவள் நர்ஸ் ஆயிற்றே.

“சார், அதுல வந்து...”

பெரியவரின் மனைவி அவசரமாக உதட்டில் விரலை வைத்தார்.

“அந்தச் சரித்திரப் புத்தகம் எப்படி சார்?” நூலகர் பேச்சை மாற்றினார்.

“சுத்த அறுவை. தோத்தவன் தோத்தவன்தான்.”

பெரியவர் கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டிப் போய், நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

“பார்வை போனதுலேருந்து நான்தான் வாசிச்சுக் காட்டறேன்,” என்று மனைவி கிசுகிசுத்தார். “அவர் யாரைச் சொல்றாரோ அவன் தலையில கொலையைக் கட்டிடுவேன். இதுலயாவது ஜெயிக்கட்டுமே. காட்டிக் குடுத்துடாதம்மா.”

மனைவி அலமாரிப் பக்கம் போனதும் பெரியவர் நூலகரை அருகே அழைத்தார்.

“சரித்திரம் இனிமே வேணாம்மா. கொலைக் கதையே குடு.”

“ஏன் சார்?”

“வேணும்னே சம்பந்தமில்லாத ஆளாப் பார்த்துச் சொல்வேன். அவனைக் கொலைகாரனாக்க அவ படற பாடு இருக்கே, அதுதாம்மா கதை! சரித்திரத்துல அதுக்கு வழியில்லையே.”