தூரத்துப் பதுங்குகுழி

"சைரன் ஊதினா புருஷன் ஒரு பக்கம் ஓடுறான், பொண்டாட்டி ஒரு பக்கம் ஓடுறா. இதெல்லாம் ஒரு குடும்பமா, ஒசோஃபோ?"

மேஜர் டெட்டே தொப்பியைக் கழற்றி மேசைமேல் போட்டார்.

கானா படையில் பாதிரியார் அம்போன்சாவை எல்லோரும் ஒசோஃபோ என்றுதான் கூப்பிடுவார்கள். தெற்கு லெபனானில் அமைதி காக்க வந்த அந்தப் படையின் முகாமில், உள்வீட்டுச் சமாதானம் அவர் தலையில் விழுந்திருந்தது.

"யாரைச் சொல்றீங்க?"

"வேற யாரு? சார்ஜென்ட் மான்சாவும் அவ புருஷன் ஈபோவும்தான். தம்பதின்னு தனி அறை குடுத்தேன். அறைக்குப் பின்னாலேயே பதுங்குகுழி இருக்கு. அதுல ஒருத்தர் நுழைஞ்சா, இன்னொருத்தர் மைதானத்தைத் தாண்டி அந்தக் கோடிக் குழிக்கு ஓடுறாங்க. ரோந்துக்கும் ஒரே வண்டியில ஏற மாட்டாங்களாம். நீங்க சேத்து வைங்க. இல்லேன்னா ஒருத்தரை ஊருக்கு அனுப்பிடுவேன்."

அனுப்பிவிட்டால் அந்தக் குடும்பம் முறிந்தே போகும் என்று அம்போன்சா பயந்தார்.

மாலையில் உணவுக்கூடத்துக்குப் போனார். இருவரும் ஒரே கிண்ணத்தில் கைவிட்டு, பாங்கு என்னும் சோளமாவு உருண்டையைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மான்சா மீன் தலையைப் புருஷன் பக்கம் தள்ளினாள்.

"உனக்கு வேணாமா?"

"எனக்குத்தான் தலை இருக்கே. உனக்குத்தான் வேணும்."

பக்கத்து மேசை சிரித்தது. ஈபோவும் சிரித்தான். "வீட்டுலயும் இவதான் சார்ஜென்ட், ஒசோஃபோ. நான் வெறும் கார்ப்பரல்."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சைரன் ஊதினா மட்டும் ஏன் தம்பி ஆளுக்கொரு திசை?"

சிரிப்பு நின்றது. மான்சா விரலைத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிச் சொடுக்கினாள். கெட்டது அண்டாமல் இருக்கச் செய்வது.

"சிலதை வாயால சொல்லக் கூடாது ஒசோஃபோ. சொன்னா பலிச்சுடும்."

"கோபத்தை வெச்சுக்கிட்டுப் படுக்கக் கூடாதும்மா."

"சரிங்க" என்று குனிந்து கிண்ணத்தை வழித்தாள்.

சாப்பிட்டதும் கானாவிலிருக்கும் தகொராடிக்கு வீடியோ போன் போட்டார்கள். அங்கே மான்சாவின் அக்கா வீட்டில் வளர்கிறாள் மகள் எசி. முன்பல் விழுந்த இடத்தைக் காட்ட அவள் வாயைத் திறந்தாள். திரைக்குள் அடங்குவதற்காக அப்பாவும் அம்மாவும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டார்கள்.

பிள்ளைக்காகவாவது நடிக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு எழுந்தார் அம்போன்சா.

சற்றுப் பொறுத்து அவர்கள் அறைப் பக்கம் நடந்தபோது, ஜன்னல் வழியே சண்டை கேட்டது.

"போன தடவை நீதானே போனே? அடுத்தது நான்." மான்சாவின் குரல்.

"உனக்கு முழங்கால் வலி. பேசாம இரு."

"முறைன்னா முறை. அதுல சலுகை கிடையாது."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. குப்பை கொட்டுவதோ, தண்ணீர் பிடிப்பதோ, ஏதோ ஒன்று. சண்டைக்குக் காரணமா வேண்டும்?

இத்தனை வருஷத்தில் எத்தனையோ தம்பதிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். அவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே சேர்ந்தார்கள் என்று தன்னையே கேட்டுக்கொள்வார். இந்தக் குடும்பத்தை விடுவதில்லை என்று அன்று முடிவு செய்தார்.

மறுநாள் காலையில் மேஜரிடம் சொல்லி ஆணை வாங்கினார். சைரன் ஊதினால் இருவரும் அறைக்குப் பின்னால் இருக்கும் குழிக்குத்தான் வர வேண்டும்.

"நானும் அங்கேயே இருப்பேன்" என்றார் மேஜரிடம். "பக்கத்துல உக்கார வெச்சா கல்லும் கரையும்."

மதியம் சைரன் ஊதியது.

கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த மான்சா, கையில் ஒரு ஈரச் சட்டையோடு ஓடி வந்து குழிக்குள் உட்கார்ந்தாள். பின்னாலேயே வண்டிக் கொட்டகையிலிருந்து கிரீஸ் கையோடு வந்தான் ஈபோ. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு குண்டு விழுந்தது. கூரையிலிருந்து மண் உதிர்ந்தது.

"நான் போறேன்" என்றான் ஈபோ.

"போன தடவை நீ. உக்காரு."

அம்போன்சா வாசலில் கையை நீட்டி மறித்தார். "யாரும் போகக் கூடாது. சாவு தலைக்கு மேல நிக்கிறப்பவுமா வீம்பு?"

"மேஜர் என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கிறேன், ஒசோஃபோ."

மான்சா அவர் கையை மெல்ல விலக்கினாள். ஈரச் சட்டையைப் புருஷன் மடியில் போட்டாள். குனிந்து, மைதானத்தின் குறுக்கே ஓடினாள்.

"உன்மேல அவ்வளவு வெறுப்பாடா அவளுக்கு?"

ஈபோ வாசலோரம் மண்டியிட்டு வெளியே பார்த்தபடி இருந்தான். இன்னொரு குண்டு விழுந்தது. அவன் அசையவில்லை. மைதானத்துக்கு அப்பால், கோடிக் குழியின் வாயிலிருந்து ஒரு கை உயர்ந்து ஆடியது.

அப்புறம்தான் அவனுக்கு மூச்சு வந்தது. கிரீஸ் படாமல் ஈரச் சட்டையை ஓரமாக வைத்தான். விரலைத் தலைக்கு மேல் சுற்றிச் சொடுக்கினான்.

"எசிக்கு ஒருத்தராவது மிஞ்சணுமே, ஒசோஃபோ. அந்தக் குழிக்கு ஓடுறதுதான் ஆபத்து. எங்களுக்குள்ள சண்டையே யார் ஓடுறதுன்னுதான். இன்னைக்கு அவ முறை."