பதினொரு திருப்பு

கிடங்கின் கேட்டில் அந்த லாரி மாட்டிக்கொண்டபோது மணி காலை பத்தே கால்.

மூக்கு உள்ளே, வால் ரோட்டில், உடம்பு கோணல். ஒரு பக்கம் தூணுக்கும் லாரிக்கும் நடுவே தீப்பெட்டி நுழையும். மறுபக்கம் தீக்குச்சி நுழையும், அதுவும் படுத்த வாக்கில்.

உள்ளே எட்டு லாரிகள் சரக்கேற்றிக்கொண்டு வெளியே வர முடியாமல் நின்றன. வெளியே நிற்கும் வண்டிகளின் வரிசை எங்கே முடிகிறது என்று பார்த்துவரப் போன வாட்ச்மேன் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார்.

லாரியை ஓட்டி வந்த நீலத் தொப்பிக்காரி இறங்கி, ஊர் வம்பு எதுவும் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

புது டிரைவர் ஆபீஸ் வாசல் பெஞ்சில், மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வயது நாற்பது. அவனுடைய கனரக லைசென்ஸுக்கு வயது பத்தொன்பது நாள்.

சற்றுமுன்தான் மேனேஜர் அந்த ஃபைலைப் பிரித்தார். முதல் பக்கத்திலிருந்த டிரைவிங் பள்ளிச் சான்றிதழைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மூடிக் கொடுத்துவிட்டார்.

"ரெண்டு வருஷம் எங்கயாவது ஓட்டிட்டு வாப்பா. அவசரமில்லேன்னா அந்த பெஞ்ச்ல உக்காந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போ."

இதற்கு முன் ஏறி இறங்கிய பதினொரு கம்பெனிகளிலும் இதே பதில்தான், டீ மட்டும் கிடையாது. அனுபவம் இருந்தால் வேலை தருவார்கள். அந்த அனுபவத்தை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

கேட்டைச் சுற்றி ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் டயரில் காற்றை இறக்கச் சொன்னார். ஒருவர் தூணை இடிக்கச் சொன்னார். முப்பது வருட அனுபவஸ்தர் ஒருவர் ஏறி உட்கார்ந்தார், இரண்டு கண்ணாடிகளையும் பார்த்தார், ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

"இந்தக் கேட்டை அகலப்படுத்தச் சொல்லி எத்தனை வருஷமா கத்துறோம்!" என்றார் இறங்கியவர்.

மேனேஜருக்கு அது காதில் விழவில்லை.

நீலத் தொப்பிக்காரி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சைப் பார்த்தாள்.

"ஃபைல்காரரே, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா, இல்ல வேடிக்கை பாக்க மட்டும்தான் தெரியுமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் காது மடல் சிவக்க எழுந்து வந்தான்.

"பாத்துப்பா, தூண்ல ஒரு கீறல் விழுந்தாலும் அந்தம்மா வேலைக்கு வேட்டு" என்றார் மேனேஜர்.

அவன் லாரியில் ஏறினான்.

அவன் படித்த டிரைவிங் பள்ளியின் போர்டில் 'விசாலமான பயிற்சி மைதானம்' என்றிருக்கும். மைதானம் என்பது பள்ளி முதலாளியின் வீட்டுக் கொல்லை. நடுவில் கிணறு. ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. குறுக்கே முதலாளியம்மாவின் துணிக்கொடி. காய்கிற துணியில் லாரி உரசினால், உரசியவர் அதைத் துவைத்துப் போட வேண்டும். முதல் வாரம் அவன் ஓட்டியதைவிடத் துவைத்ததுதான் அதிகம்.

நாற்பதாம் நாள் அவன் லாரி போன காற்றில் கொடியிலிருந்த கைக்குட்டைகூட அசையவில்லை.

இப்போது இடது பக்கம் அரைத் திருப்பு. பின்னால் ஒரு சாண். வலது பக்கம் கால் திருப்பு. முன்னால் நாலு விரல்.

கூட்டம் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தது. ஏழாவது திருப்பில் தூணுக்கும் லாரிக்கும் நடுவே பல்லி ஒன்று அகப்பட்டுக்கொண்டது. அது மூச்சை உள்ளிழுத்துச் சமாளித்தது.

பதினொன்றாவது திருப்பில் லாரி நிமிர்ந்து, கேட்டுக்குள் நேராக நுழைந்தது. நுழையும்போது அவன், தலைக்கு மேல் ஒன்றுமே இல்லாத இடத்தில், துணிக்கொடிப் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்தான்.

கேட்டோரம் நின்ற மேனேஜரும் எதற்கோ குனிந்து நிமிர்ந்தார்.

விசில் பறந்தது. முப்பது வருட அனுபவஸ்தர் அவனைத் தூக்கப் பார்த்து, முடியாமல் முதுகில் நாலு தட்டு தட்டினார். தூணில் கீறல் இல்லை. பல்லிக்கும் சேதமில்லை.

"அந்த ஃபைலை எடுத்துட்டு உள்ள வா" என்று மேனேஜர் ஆபீசுக்குள் போனார்.

ஃபைலை எடுத்து நீட்டிய நீலத் தொப்பிக்காரி குரலைத் தாழ்த்தினாள்.

"பத்து திருப்பு போதும்னு ராத்திரி பூரா படம் போட்டுக் காட்டினேனே. அப்படிக் கோணலா நிறுத்த எனக்கே நாலு திருப்பு ஆச்சு. சரி சரி, சிரிச்சுத் தொலைக்காதீங்க, பாக்கிறாங்க. சாயங்காலம் பிள்ளைகளை நீங்களே கூட்டிட்டு வந்துருங்க."

அந்தப் பள்ளியில் பாடம் நாற்பது நாள். நாற்பத்தோராவது பாடம் போர்டில் இல்லை. வேலை கிடைத்தவர், கிடைக்காத அடுத்தவருக்காக ஏதாவது ஒரு கேட்டில் போய் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று மாதம் முன்பு அவளுக்காகச் சிமெண்டு கிடங்கில் யாரோ நின்றார்கள். அவள் தன் வீட்டுக்காரருக்காக இங்கே நின்றாள்.

இதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது சத்தியம்.

ஆகவே மேனேஜர் வேலை உத்தரவில் கையெழுத்துப் போடும்போது அவன் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டான்.

மேனேஜர் பேனாவை மூடினார். தாளை நீட்டினார். நீட்டியவர் விடவில்லை.

"அந்தக் கொடியில இன்னமும் அந்த நீலப் போர்வைதான் காயுதா? நான் அதை ஒம்பது தடவை துவைச்சேன்."

தாளின் மறுமுனையைப் பிடித்திருந்த அவன் மெல்லத் தலையாட்டினான்.

மேனேஜர் ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தார்.

"அகலப்படுத்தணும்னு நம்ம முதலாளி வருஷா வருஷம் பணம் ஒதுக்குறாரு தம்பி. நான்தான் ஏதாவது சாக்கு சொல்லித் தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றேன்."