ஒரே ஒரு சந்தன மரம்

"ஒரே ஒரு சந்தன மரம்தான் வீரா. ஏத்திட்டுப் போக ஜீப் மலைக்குக் கீழயே நிக்குது. யாருக்கும் தெரியாது" என்றார் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர்.

வீரனுக்குச் சுருக்கென்றது. "சந்தனம் வெட்டி ரெண்டு தபா ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவன் நானு. ஏசப்பாகிட்ட வந்து மூணு வருசமாச்சு. களி கிண்ட மாவு இல்லாத நாள்லகூட கோடாலியத் தொடல. இப்ப தொடச் சொல்றீங்களே, இன்னா நியாயம்?"

"இது பாவமில்லப்பா."

"பாவமில்லாத திருட்டுன்னு ஒண்ணு இருக்குதாங்க?"

"நம்ம கோயில்ல வைக்கச் சிலுவை செய்யத்தாம்ப்பா கேக்கறேன்" என்று குரலைத் தாழ்த்தினார், அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகர்.

வீரன் விருட்டென்று எழுந்தான்.

"சிலுவையில அவரு பக்கத்துல தொங்கின திருடனே திருந்திட்டான் ஐயா. நீங்க அவரையே திருட்டு மரத்துல அறையப் பாக்கறீங்களே!"